ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை

ஒரு தட்டு.
மூன்று இரவாக அதே கணக்கு.
துடிக்கும் விண்மீன்களும் இப்படித் தட்டுவதுண்டு,
ஆனால் அவை நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி எழும்.
இதுவோ தினமும் ஆறரைக்கு,
பட்டி அடைக்கும் நேரத்தில்,
சொல்லிவைத்தாற்போல் வருகிறது.
மனிதர் வேலைதான்.

வண்டியின் உச்சியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி
காரூவின் செம்மண்ணில் எழுபது கிலோமீட்டர்.
பதினொரு கேட்டுகள்.
இறங்கித் திறந்து, ஓட்டி, இறங்கி மூடி.
டீசல் வண்டிதான்;
பெட்ரோல் வண்டியின் பொறியைக்கூட இங்கே சட்டம் சந்தேகிக்கும்.
பின்கண்ணாடியில் கம்பிவலைக் கிண்ணங்கள்
நூறுக்கு மேல், எல்லாம் அண்ணாந்து,
என்னைக் கண்டுகொள்ளாமல்.

மீட்டா யூஸ்ட் வேலியோரம் நின்றிருந்தாள்,
தொப்புள்கொடி காயாத குட்டியொன்று கையில்.
"மறுபடி வந்துட்டீங்களா, காதுக்காரரே?"
வரவேற்பா என்று தெரியவில்லை.

இருட்டும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்தினாள்.
மின்வேலியின் ஒரு பீங்கானில் விரிசல்,
அதற்குள் எறும்புக் கண்ணளவு நீலப் பொறி.
"இந்தப் பொடியையா
அத்தனை கிண்ணமும் கேட்டுக்கிட்டிருந்துச்சு?"
"இதையும்."
"வேலியை நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டேன்.
போன மாசம் நரிக்கு ஒன்பது குட்டி.
ஈரலை மட்டும் தின்னுட்டுப் போட்டிருச்சு."
நிறுத்தச் சொல்லவில்லை. புதுப் பீங்கான் மாட்டினேன்.
இருபது ராண்ட் பெறாத பொருள்.

காப்பிக்கு உள்ளே கூப்பிட்டாள்.
அடுப்பு மேடையில் ரொட்டி டப்பா இருமியது.
பிறகு ஆப்பிரிகான்ஸில் பேசியது:
"மீட்டா, காற்றாலைக்கிட்ட இருக்கேன். வந்துடறேன்."
இருவரும் டப்பாவைப் பார்த்தோம்.
பிறகு, பால் பொங்குவதைப் பார்த்தோம்.

"சட்டம் வந்தப்போ
வீடு வீடா வந்து ரேடியோவை எல்லாம் வாங்கிட்டுப் போனீங்க.
அந்தக் குளிர்காலம் இடுப்பு உடைஞ்சு
ஓடைப்பள்ளத்துல ரெண்டு ராத்திரி கிடந்தாரு அன்ட்ரீஸ்.
நான் தேடினது எதிர்த்திசையில."
குட்டியைத் தரையில் விட்டாள்.
அது என் பூட்ஸை நக்கியது.
"அவர் முனகினது உங்க கிண்ணத்துக்குக் கேட்டிருக்குமே?"
இல்லை என்றேன். குரல் கேட்காது, ரேடியோ அலை மட்டும்.
"அப்போ அது என்ன காது?"

மடியில் படிவம்.
ஏழாம் கட்டம்: பழுதான பீங்கான், சரிசெய்யப்பட்டது.
எட்டாம் கட்டம்: பிற ஒலிபரப்பிகள்.
பேனா அங்கே நின்றதில் மை ஒரு பொட்டாய் ஊறியது.
"சர்க்கரை?" என்றாள். ஒன்றரை ஸ்பூன் என்றேன்.

என் வேலைமேல் எனக்குச் சந்தேகமில்லை.
ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டு நடந்து
வாசலுக்கு வந்த ஹைட்ரஜன்
மூச்சிரைக்க ஒரு சொல் சொல்லும்போது
நாம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.
இதை நம்புகிறேன். சம்பளத்துக்காக மட்டுமல்ல.

நள்ளிரவு, கண்காணிப்பு அறை.
திரையில் அலைவரிசைகள் அருவியாய் இறங்குகின்றன.
நடுவில் ஒரு கோடு, ஆறு நொடி.
சற்று இடைவெளி.
இன்னொரு கோடு, மங்கலாக, தூரத்திலிருந்து.
அவர் இன்னும் வீடு சேரவில்லை போலும்.
மென்பொருள் இரண்டையும் சிவப்பில் கட்டி
வெட்டி எறிந்தது. அதற்குத் தெரிந்தது அது.

எட்டாம் கட்டத்தில் மைப்பொட்டு காய்ந்திருந்தது.
பக்கத்தில் எழுதினேன்: ஒன்று. சமையலறையில்.
அதற்குக் கீழே, கட்டம் ஏதும் இல்லாததால் ஓரத்தில்,
எழுத்தைச் சாய்த்து, நெருக்கி:
வீட்டிலிருந்து காற்றாலைவரை
கம்பி புதைத்துத் தொலைபேசி போட்டுத்தர வேண்டும்.
அதுவரை அந்த ஒன்றைத் தொடக் கூடாது.
'கூடாது' என்பதை அடித்துவிட்டு
'வேண்டாம்' என்று போட்டேன்.
பிறகு அதையும் அடித்துவிட்டுப் பழையதையே எழுதினேன்.

அனுப்பவில்லை இன்னும்.
விரல் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.
பீங்கான் மாற்றியதிலிருந்து வானம் சுத்தம்;
நான்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்
ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை.